ஐந்து கல்லறைகள், ஒரு ஞானஸ்நானம்

இந்த இதழில் நாம் தியானிக்கப்போவது டாக்டர் ராபர்ட் லாஸ் என்கிற மிஷனெரியின் ஜீவிய சரித்திரம். டேவிட் லிவிங்ஸ்டனை அறியாதவர்கள் நம்மில் ஒருவரும் இருக்கமாட்டோம். லிவிங்ஸ்டன் காட்டிவிட்டுப் போன தேசத்தில் 52 வருஷம் தங்கி உழைத்தவர் இந்த லாஸ். அவருடைய ஊழியத்தின் முதல் ஐந்தரை வருஷத்தை மட்டும் யாராவது கணக்குப் பார்த்திருந்தால், இது தேறாத ஊழியம் என்று எழுதி மூடியிருப்பார்கள். அதனால்தான் இந்தச் சரித்திரம் நமக்கு வேண்டியது.

ஏரிக்கரை ஆலயம்

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் மலாவி என்றொரு சிறிய தேசம். அந்த தேசத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய ஏரி. ஏரி என்றதும் நம்ம ஊர் ஏரியை நினைத்துவிடாதீங்க. நீளம் ஏறக்குறைய 580 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. காற்று அடித்தால் கடலைப்போல அலை எழும்பும். அந்த ஏரியின் மேற்குக்கரையில், ஏறக்குறைய நடுப்பகுதியில், பண்டாவே என்கிற கிராமம் இருக்கிறது. கரையோர மணலில் அங்கே செங்கல்லால் கட்டப்பட்ட ஒரு பழைய ஆலயம் உண்டு. அதைப் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கல்லறைத் தோட்டமும் கண்ணில் படும். கல்லறைகளில் எழுதியிருக்கிற வயதுகளைப் படித்தால் மனசு கலங்கிப்போகும். முதிர்வயதில் மரித்தவர்கள் அல்ல, வாலிபர்களும் கைக்குழந்தைகளும்.

ஆனால் பண்டாவே இரண்டாவது இடம். முதல் இடம் அதற்கு வெகு தெற்கே, கேப் மக்ளியர் என்கிற ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே ஐந்து மிஷனெரி கல்லறைகள் இருக்கின்றன. இந்த ஐந்து கல்லறைகளைக் கடந்துதான் பண்டாவே ஆலயத்துக்கு வரவேண்டும். லாஸ் ஐயா அப்படித்தான் வந்தார்.

தச்சுப்பட்டறையிலிருந்து

ராபர்ட் லாஸ் 1851-ம் ஆண்டு மே மாதம் 28-ந் தேதி ஸ்காட்லாந்து தேசத்தில் அபர்டீன் பட்டணத்தில் பிறந்தார். தகப்பனார் மேஜை, அலமாரி செய்கிற தச்சர். பையனுக்கு இரண்டு வயதாகும்போதே தாயார் மரித்துப்போனார்கள். வீட்டில் வசதி கிடையாது. ஆனால் தேவபயம் இருந்தது. மிஷனெரிகளைப் பற்றிய புத்தகங்கள் அந்த வீட்டில் வாசிக்கப்பட்டன. லிவிங்ஸ்டனின் பிரயாணங்களைக் கேட்டு வளர்ந்த அந்தச் சிறுபையன், மக்கலோலோ ஜனங்களிடத்தில் தன்னை அனுப்பும்படி ஆண்டவரிடம் ஜெபித்துவந்தான். அந்த ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்டக்கூட அந்த வயதில் தெரிந்திருக்குமோ என்னவோ! ஆனாலும் ஜெபம் பரலோகத்தில் பதிவாகிவிட்டது.

பையன் தகப்பனாரின் தொழிலையே கற்றுக்கொண்டான். பகலெல்லாம் உளியும் இழைப்புளியும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் பாடம். இப்படிப் படித்தே பல்கலைக்கழகத்துக்குள் போனார். மிஷனெரியாகப் போகிறவனுக்கு வேதசாஸ்திரமும் வேண்டும், வைத்தியமும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தார். கிளாஸ்கோ பட்டணத்தில் வைசூரி நோயாளிகளின் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தார். மற்றவர்கள் கிட்டேகூடப் போகப் பயந்த படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்து சுவிசேஷம் சொன்னார். உளி பிடித்த கை, கத்தி பிடித்த கை, வேதம் பிடித்த கை, மூன்றும் ஒரே கை. பின்னாளில் இந்த மூன்றும் அவருக்குத் தேவைப்பட்டது. தேவன் ஒருவரை ஆயத்தப்படுத்தும்போது எதையும் வீணாக்குகிறதில்லை, பாருங்க.

துண்டு துண்டாகப் போன கப்பல்

லிவிங்ஸ்டன் 1859-ல் இந்த ஏரியைக் கண்டார். அங்கே அவர் கண்ட வேறொரு காட்சி அவருடைய இருதயத்தை உடைத்தது. அடிமை வியாபாரம்! நுகத்தடி போன்ற கட்டைகளைக் கழுத்தில் மாட்டி, ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் வரிசையாக ஓட்டிக்கொண்டு போவார்கள். இந்த ஏரிப் பிரதேசத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 19,000 பேர் ஜான்சிபார் துறைமுகம் வழியாகக் கடத்தப்படுகிறார்கள் என்று அவர் எழுதிவைத்தார். வழியில் செத்து விழுந்தவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

1873-ம் ஆண்டு மே மாதம் லிவிங்ஸ்டன் இலாலா என்கிற இடத்தில் மரித்தார். அவருடைய இருதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் அடக்கம்பண்ணினார்கள். சரீரம் லண்டன் போய்ச் சேர்ந்தது. அடக்க ஆராதனை முடிந்த அடுத்த மாதமே, 1874 மே மாதத்தில், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்கிற ஊழியர் ஸ்காட்லாந்து சபைத் தலைவர்கள் கூடின சங்கத்தில் எழுந்து, லிவிங்ஸ்டனுக்குச் சிலை வைப்பதைவிட அவர் பெயரில் ஒரு மிஷனை அந்த ஏரிக்கரையிலே வைப்பதே தகும் என்கிற யோசனையை முன்வைத்தார். லிவிங்ஸ்டோனியா மிஷன் அப்படித்தான் பிறந்தது.

1875 மே 21-ந் தேதி ஒரு சிறு குழு லண்டனிலிருந்து புறப்பட்டது. தலைவர் எட்வர்ட் யங் என்கிற கடற்படை அதிகாரி. வைத்தியரும் போதகரும் லாஸ். வயசு இன்னும் 24 முடியவில்லை. அவர் வேறு சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் அந்தச் சபை அவரைக் கடனாகக் கொடுத்து, சம்பளத்தையும் தானே ஏற்றுக்கொண்டது. சபை வித்தியாசம் அங்கே குறுக்கே நிற்கவில்லை.

அவர்கள் இலாலா என்று பெயரிட்ட 48 அடி நீள நீராவிப்படகு ஒன்றைக் கொண்டுபோனார்கள். ஜாம்பேசி, ஷீரே என்கிற நதிகள் வழியாக ஏரிக்குப் போகவேண்டும். ஆனால் ஷீரே நதியில் ஏறக்குறைய 60 மைல் தூரத்துக்குப் பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும். படகு போக வழியே இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? படகை துண்டு துண்டாகக் கழற்றினார்கள். சுமார் 800 ஆப்பிரிக்க ஜனங்கள் அந்தத் துண்டுகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து, அந்த 60 மைலைக் கடந்தார்கள். மேலே போய் எண்ணிப் பார்த்தபோது ஒரு துண்டுகூடக் காணாமற்போகவில்லை. மிஷனெரி சரித்திரங்களில் மிஷனெரியின் பெயர் இருக்கும். சுமந்த 800 பேருக்குப் பெயர் இருக்காது. கர்த்தருடைய புஸ்தகத்தில் அவர்களும் இருக்கிறார்கள்.

1875 அக்டோபர் 12-ந் தேதி காலையில் இலாலா ஏரிக்குள் பிரவேசித்தது. இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரும் கூடி, நூறாம் சங்கீதத்தைப் பாடி ஆராதித்தார்கள். சிறுபையனின் ஜெபத்துக்கு பதில் வந்துவிட்டது. ஆனால் பதில் வந்தது வேறு, பலன் வந்தது வேறு.

கேப் மக்ளியர் என்கிற கண்ணீரின் பள்ளத்தாக்கு

கரையிலே வீடுகள் கட்டினார்கள். பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். 1876-ல் லாஸ் அங்கே மயக்கமருந்து கொடுத்து ஒரு மனுஷனுடைய முகத்திலிருந்த கட்டியை அறுத்து எடுத்தார். மனுஷனைத் தூங்கவைத்து, அறுத்து, மறுபடி எழுப்புகிற வைத்தியன் என்று பேர் பரவியது. அடுத்த வருஷத்திலிருந்து மிஷன் பொறுப்பு முழுவதும் அந்த வாலிபன் தலையில் வந்து விழுந்தது.

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மரணங்கள். டாக்டர் வில்லியம் பிளாக் என்கிற இன்னொரு வைத்தியர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1877 மே மாதத்தில் காய்ச்சலில் மரித்தார். அதே வருஷத்தில் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளியிலிருந்து வந்திருந்த ஷாட்ராக் ங்குனானா என்கிற ஆப்பிரிக்க ஆசிரியர் மரித்தார். 1880-ல் ஜான் கன் மரித்தார். ஆக மொத்தம் ஐந்து கல்லறைகள். மலேரியா கொசுவால் வருகிறது என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்? நம்ம இந்தியாவில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். இவர்களோ கெட்ட காற்றினால் காய்ச்சல் வருகிறது என்று நினைத்து, ஏரிக்கரையிலே, கொசுக்களின் நடுவிலே, வீடு கட்டிக் குடியிருந்தார்கள்.

கஷ்டம் காய்ச்சல் மட்டுமா? சுற்றிலும் ஜனங்கள் குறைவு. மண் வளமில்லை. மாடு வளர்க்கலாம் என்றால் செட்சி ஈ கடித்து மாடுகள் சாகும். எஜமான்களிடமிருந்து தப்பின அடிமைகள் மிஷனைத் தேடி ஓடிவந்தார்கள். அவர்களைத் திருப்பியனுப்ப முடியாது. ஜனம் பெருகினபோது வழக்கு வந்தது, திருட்டு வந்தது, சண்டை வந்தது. மிஷனெரிகளே நியாயாதிபதிகளைப்போல உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லி, சவுக்கடி தண்டனையும் கொடுத்தார்கள். அடிமைகளின் முதுகுக் காயத்துக்கு மருந்து போட வந்தவர்கள் கையிலே சவுக்கு! இது தவறு என்று பின்னால் ஸ்காட்லாந்திலேயே கண்டித்தார்கள். மிஷனெரிகளும் மண்பாண்டங்கள்தான் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

இதற்கு நடுவிலே 1879-ல் ஒரு சந்தோஷம். லாஸுக்காகக் காத்திருந்த மார்கரெட் கிரே அம்மையார் அபர்டீனிலிருந்து அத்தனை தூரம் பிரயாணப்பட்டு வந்தார்கள். பிளாண்டயர் என்கிற மிஷன் ஸ்தானத்தில் விவாகம் நடந்தது. கல்லறைகளைப் பற்றிக் கேள்விப்பட்டும் அந்த அம்மா வந்தார்களே, அதைக் கவனிங்க.

1881 மார்ச் 27-ந் தேதி முதல் ஞானஸ்நானம். ஆல்பர்ட் நமலாம்பே என்கிற வாலிபர். ஐந்தரை வருஷம், ஐந்து கல்லறைகள், ஒரே ஒரு ஆத்துமா. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட லாஸ் விரும்பியிருந்தால் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்து ஊருக்கு எழுதியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஜீவியத்தில் மாற்றம் தெரியுமட்டும் பொறுத்திருந்தார்.

அதே வருஷத்தில் மிஷன் பண்டாவேக்கு மாற்றப்பட்டது. வெள்ளைக்காரர்கள் கிளம்பிப்போனார்கள். கேப் மக்ளியரில் தங்கி அங்குள்ள ஊழியத்தை நடத்தியவர் யார்? அந்த ஒரே ஆத்துமாவாகிய நமலாம்பேதான்! அல்லேலூயா! ஒன்றுதானே என்று நாம் சொல்வோம். கர்த்தருக்கு அந்த ஒன்று போதும்.

இரண்டு ஜனங்களுக்கு நடுவே

பண்டாவே சுற்றுவட்டாரத்தில் டோங்கா ஜனங்கள் வாழ்ந்தார்கள். மேலே மலைநாட்டில் ங்கோனி ஜனங்கள். இவர்கள் தெற்கே நடந்த ஜூலு யுத்தங்களுக்குத் தப்பி, 1835-ல் ஜாம்பேசியைக் கடந்து வந்த போர்வீரர்களின் சந்ததி. ஈட்டியோடு இறங்கி வந்து, கிராமங்களைக் கொள்ளையிட்டு, ஜனங்களைச் சிறைபிடித்துப் போவார்கள். டோங்கா ஜனங்கள் வயலுக்குப் போகவும் பயந்து, வேலி போட்ட கிராமங்களுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

ஆலயம் டோங்காவின் கரையில் இருந்தாலும், ங்கோனி ஜனங்களுக்கும் சுவிசேஷம் போகாமல் இந்தக் கரையில் சமாதானம் வராது என்று லாஸ் கண்டுகொண்டார். துப்பாக்கி வாங்கி மதில் கட்டவில்லை. மலை ஏறி, ங்கோனி ராஜாவாகிய மொம்பேராவைச் சந்தித்துப் பேசினார். அங்கே தங்கி ஊழியம் செய்ய வில்லியம் கோயி என்கிற ஆப்பிரிக்க சகோதரனை அனுப்பினார். கோயி தென்னாப்பிரிக்காவின் கோசா ஜனத்தார். அவருடைய பாஷை ங்கோனிகளின் பாஷைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. வெள்ளைக்காரர் நுழைய முடியாத வாசலில் அவர் நுழைந்தார். மருந்து கொடுக்கலாம், ஆனால் பிள்ளைகளுக்குப் போதிக்கக்கூடாது என்று ராஜாவும் ஆலோசனைக்காரரும் தடுத்து வைத்திருந்தார்கள். வருஷங்கள் போயின.

1886-ல் தேசத்தில் மழை இல்லை. ங்கோனி ஜனங்கள் தங்கள் வழக்கப்படியெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் மிஷனெரிகளிடம் வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். டாக்டர் எல்ம்ஸ்லி என்கிற மிஷனெரி அங்கே ஜெபக்கூட்டம் நடத்தினார். மழை பெய்தது! அதே வருஷத்தில் பள்ளிக்கூடம் நடத்த அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தி எட்டினபோது கோயி மரணப்படுக்கையில் இருந்தார். செய்தியைக் கேட்டார், அந்த ஜூன் மாதம் 4-ந் தேதி சமாதானத்தோடே கண்ணை மூடினார். விதைத்தவர் முளையைக் கண்டார், அறுப்பைக் காணவில்லை. 1890-ல் முதல் ங்கோனி விசுவாசிகள் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொஞ்சங்கொஞ்சமாக அந்த ஏரிக்கரைக் கொள்ளைகள் ஓய்ந்துபோயின. முன்னே ஈட்டியோடு வந்தவர்களின் பிள்ளைகள் வேதபுத்தகத்தோடு வந்தார்கள்.

இதற்கிடையே லாஸ் பாஷையைக் கற்று, எழுத்து வடிவமில்லாதிருந்த பாஷைகளுக்கு எழுத்து அமைக்கும் வேலையில் இரவு பகலாய் உழைத்தார். 1886-ல் சின்யாஞ்சா பாஷையில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. கல்லறைகளுக்கு நடுவே நடந்த மொழிபெயர்ப்பு அது.

மலைமேல் ஒரு பட்டணம்

ஏரிக்கரையில் உயிர்ச்சேதம் நிற்காததால், 1894-ல் லாஸும் எல்ம்ஸ்லியும் உள்ளூர் சகோதரர் யூராயா சிர்வாவும் ஆரோக்கியமான இடம் தேடிப் புறப்பட்டார்கள். ஏரிக்கு மேலே உயர்ந்து நிற்கும் கோண்டோவே என்கிற மலைச்சமவெளியைத் தெரிந்துகொண்டார்கள். அங்கே ஓவர்டூன் கல்விச்சாலை எழும்பியது. வேதாகமம் மட்டுமல்ல, தச்சுவேலை, கட்டிடவேலை, அச்சுவேலை, வைத்திய உதவி, ஆசிரியர் பயிற்சி எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். குழாய் வழியாக மலைத்தண்ணீர் வந்தது. நீர்விசையால் மின்சார விளக்கு எரிந்தது. தச்சன் மகன் படித்த தச்சுவேலை வீண்போகவில்லை, பார்த்தீர்களா!

1908-ல் ஸ்காட்லாந்தின் ஐக்கிய சுயாதீன சபை அவரைத் தன் பொதுச்சங்கத்தின் தலைவராக்கிக் கனப்படுத்தியது. அது முடிந்ததும் அவர் ஆப்பிரிக்காவுக்கே திரும்பினார். 1914-ல் யெசாயா முவாசே, ஹெசக்கியா ட்வேயா, ஜோனத்தான் சிர்வா என்ற மூன்று ஆப்பிரிக்க சகோதரர்கள் குருத்துவ அபிஷேகம் பெற்றார்கள். மிஷன் வந்து 39 வருஷம் கழித்து! இவ்வளவு காலம் காக்கவைத்திருக்கவேண்டுமா என்று கேட்டால், வேண்டியதில்லை என்றே சொல்லவேண்டும். ஞானஸ்நானத்தில் லாஸ் காட்டின பொறுமை நல்லது. ஊழியத்தைக் கைமாற்றுவதில் காட்டின தாமதம் பலரைப் புண்படுத்தியது. நமலாம்பே 1881-லேயே தனியாக நின்று காட்டினாரே!

1921-ல் மார்கரெட் அம்மையார் மரித்தார்கள். 42 வருஷம் கூட நின்ற துணை. 1924-ல் லிவிங்ஸ்டோனியா, பிளாண்டயர் ஆகிய இரண்டு மிஷன்களின் சபைகளும் இணைந்து மத்திய ஆப்பிரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை உருவானது. இன்றைக்கு அது மலாவியின் பெரிய சபைகளில் ஒன்று. 1927-ல், 75 வயதைத் தாண்டின பிறகு, லாஸ் அந்த ஏரியை விட்டு விடைபெற்றார். 1934 ஆகஸ்டு 6-ந் தேதி லண்டனில் தன் ஓட்டத்தை முடித்தார். வயது 83.

நாம் எதை எண்ணுகிறோம்?

பிரியமானவர்களே, இப்போது நம்ம பக்கம் திரும்புவோம். ஊழியக்காரர் ஒருவரைப் பார்த்தவுடனே நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? எத்தனை விசுவாசிகள்? எத்தனை ஞானஸ்நானம்? எத்தனை கிளைச் சபை? பட்டணத்தில் பெரிய கூடாரத்தில் ஊழியம் செய்கிறவருக்கு மாலை. குக்கிராமத்திலே ஓலைக்கொட்டகையில் ஏழு பேரோடு பத்து வருஷமாக முழங்காலில் நிற்கிறவருக்கோ சந்தேகப் பார்வை. அந்த மனுஷனுடைய மனைவி எத்தனை இரவு அழுதிருப்பார்கள் என்று நாம் யோசிக்கிறதில்லை.

1881-ல் கேப் மக்ளியரில் நின்று யாராவது நம்முடைய அளவுகோலால் அளந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காணிக்கை நின்றிருக்கும். அனுப்பின சபைகள் திரும்ப அழைத்திருக்கும். பண்டாவே ஆலயம் எழும்பியிருக்காது. சின்யாஞ்சா வேதம் வந்திருக்காது. ஸ்காட்லாந்தில் சாதாரண விசுவாசிகள் அந்த ஐந்து மரணச் செய்திகளையும் கேட்ட பின்னும் ஜெபித்தார்கள், கொடுத்தார்கள், பிள்ளைகளை அனுப்பினார்கள். அறுப்பில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பண்டாவே ஏரிக்கரையில் இன்றும் அந்த ஆலயம் நிற்கிறது. சுமந்த 800 பேர், மண்ணுக்குள் போன வாலிபர்கள், தனியாக நின்ற நமலாம்பே, முளையை மட்டும் கண்ட கோயி, எல்லாருடைய உழைப்பும் அந்தச் செங்கல்லுக்குள் இருக்கிறது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த, யாரும் கண்டுகொள்ளாத ஒரு கிராம ஊழியரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்க. முடிந்தால் நேரில் போய் அவர் வீட்டிலே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டு, சேர்ந்து ஜெபியுங்க. எத்தனை பேர் வருகிறார்கள் என்று மட்டும் கேட்காதீங்க. கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.